பரடேயின் மெழுகுவர்த்தியும் நீரின் மின்பகுப்பும்

மைக்கேல் பரடே இலண்டன் றோயல் நிறுவனத்தில் 1860ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையிலே தொடங்கி 1861ஆம் ஆண்டின் முற்பகுதியில் முடித்த ஆறு விரிவுரைகள், 'ஒரு மெழுகுவர்த்தியின் இரசாயன வரலாறு' என்னும் பெயரால் நூலுருப் பெற்றன. பேசியவருக்கு அப்பொழுது அறுபத்தொன்பது வயது. கேட்டவர் பெரும்பாலும் சிறுவர். கருமானின் மகனாகப் பிறந்து, புத்தகங் கட்டுவோரிடம் தொழில் பயின்று, தாம் கட்டிய நூல்களையே படித்து விஞ்ஞானியானவர் பரடே. அவர் பேசியதைச் சுருக்கெழுத்தாளர் எழுத, வில்லியம் குறூக்சு என்பார் பதிப்பித்தார். அந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு இன்றுவரை மீண்டும் மீண்டும் அச்சேறி வருகின்றது. விஞ்ஞானத்தை இளையோர்க்கு எடுத்துரைக்கும் நூல்களுள் இதனைப்போற் புகழ் எய்தியவை சிலவே. ஆயினும் புகழப்பட்ட அளவுக்கு அஃது ஆராயப்பட்டதாகத் தோன்றவில்லை. அதன் இனிமையைப் பலர் போற்றினர். அதன் வாதம் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது, எவ்விடத்தில் உறுதியாய் நிற்கின்றது, எவ்விடத்தில் தளர்கின்றது என்பன ஆசிரியத் தொழில் செய்வோர் கேட்க வேண்டிய வினாக்கள். ஐதரசனையும் நீரின் மின்பகுப்பையும் பற்றிய மூன்றாம் நான்காம் விரிவுரைகளே இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த இடந் தருவன. ஏனைய நான்கும் ஈண்டு எடுத்துக் கொள்ளப்படவில்லை.

ஒரு பொருளை அறிதற்குரிய வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தனர் நம் அளவை நூலார். கண்டறிவது காட்சி, கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல், அறிந்தோர் சொல்லக் கொள்வது உரை. இரசாயன பாடத்துக்கு இவ்வளவைகளைப் பொருத்திப் பார்த்தல் புதுமையாகத் தோன்றலாம். ஆனால் வகுப்பறையில் மின்பகுப்பு நிகழும் பொழுது மாணவன் உண்மையிற் காண்பது யாது? இரண்டு உலோகத் துண்டுகளிலிருந்து குமிழிகள் எழுகின்றன. அவ்வளவே. 'நீர் பிரிகின்றது' என்பது காட்சியன்று, கருதல். அக்கருதலுக்கு வேண்டிய ஏதுக்கள் முன்னரே நிறுவப்படாவிடின் அது வெறும் உரையாகி விடுகின்றது. வழக்கமான பாடநூல் ஐதரசனின் குறியீடு, அணுநிறை, ஆக்கம், இயல்பு, பயன் என்ற ஒழுங்கிற் செல்லும். நடுவில் ஓரிடத்தில் மின்பகுப்புக் கருவியின் படமும், கீழே இரண்டு வரி விளக்கமும் இருக்கும். மாணவன் படத்தை வரையப் பழகுகின்றான். பரீட்சையில் வரைந்தும் விடுகின்றான். நீர் ஒரு மூலகமன்று, சேர்வை என்னும் பெருஞ்செய்தி அவன் உள்ளத்தில் ஒரு நிகழ்ச்சியாக நிகழ்வதேயில்லை. பன்னெடுங்காலம் நீரை ஒரு பூதமெனக் கொண்டிருந்த உலகு, கவெண்டிசும் இலவோசியேயும் செய்த ஆய்வுகளின் பின்னர், 1780களில், எவ்வளவு தயக்கத்தோடு அக்கொள்கையைக் கைவிட்டது என்பதை அவன் அறியான்.

பரடேயின் ஒழுங்கு வேறு. மூன்றாம் விரிவுரையில் அவர் ஐதரசனிலிருந்து தொடங்கவில்லை; மின்னிலிருந்தும் தொடங்கவில்லை. எரியும் மெழுகுவர்த்திக்கு மேலே பனிக்கட்டியும் உப்பும் நிறைந்த ஒரு பாத்திரத்தைப் பிடிக்கின்றார். அதன் அடியில் ஒரு துளி திரள்கின்றது. அத்துளி நீர்தானா என்று ஐயுறுவோருக்குப் பொற்றாசியத் துண்டொன்றை அதில் இடுகின்றார். அது தீப்பற்றி எரிகின்றது. எரியும் பொருளிலிருந்து நீர் வந்ததென்னும் வியப்பு முதலிலே நிறுத்தப்படுகின்றது. பின்னர்ப் பொற்றாசியம் நீரில் ஏன் எரிய வேண்டுமென்ற வினா எழுகின்றது. நீரில் ஏதோ ஒன்றை அது பறித்துக் கொள்கின்றது போலும். அங்ஙனமாயின் இரும்பும் அவ்வாறு செய்யுமா? குளிர்ந்த இரும்பு மெல்லத் துருப்பிடிக்கின்றது. செஞ்சூடேறிய இரும்பு என் செய்யும்? துப்பாக்கிக் குழாயொன்றில் இரும்புச் சீவல்களை இட்டு, உலையில் வைத்து, அதனூடே கொதிநீராவியைச் செலுத்துகின்றார். மறுபுறத்தில் வெளிவருவது நீராவியாயின் குளிர்ந்த நீரிற் பட்டவுடன் ஒடுங்கி மறைய வேண்டும். அது மறையவில்லை. சாடியில் நிரம்புகின்றது, தீயிட எரிகின்றது. அந்த வாயுவை எரித்து அதன் சுவாலைமேற் குளிர்ந்த கண்ணாடியைப் பிடித்தால் மீண்டும் நீர். நீரிலிருந்து வந்தது நீராகவே திரும்புகின்றது. 'ஐதரசன்' என்ற சொல்லுக்கு 'நீரை ஆக்குவது' என்பது பொருளென்று இவ்விடத்திற் சொல்லப்படின், அப்பெயர் மனனஞ் செய்யவேண்டிய ஒலிக்கூட்டமாக இராது. கண்ட நிகழ்ச்சியின் சுருக்கமாகவே அமையும்.

இவ்வளவும் நடந்த பின்னரே மின் அரங்கிற்கு வருகின்றது. வந்த போதும் அது நேரே நீரைத் தொடுவதில்லை. நான்காம் விரிவுரையின் தொடக்கத்தில் பரடே செப்பை நைத்திரிக்கமிலத்திற் கரைக்கின்றார். நீல நிறமான கரைசல் உண்டாகின்றது. அதனுள் இரண்டு பிளாற்றினத் தகடுகளை இறக்கி மின்கலவடுக்கின் முனைகளோடு தொடுக்கின்றார். ஒரு தகட்டிற் செப்புப் படிகின்றது. மற்றது தூயதாகவே நிற்கின்றது. முனைகளை மாற்றத் தகடுகளின் நிலையும் மாறுகின்றது. இதன் நோக்கம் யாதென்பதை ஆழ்ந்து நோக்க வேண்டும். மின்னானது கரைசலில் உள்ளதை வெளியே கொணரும் என்பதை, உள்ளே என்ன இடப்பட்டது என்று ஐயமற அறிந்த ஒரு கரைசலிலே முதலிற் காட்டி விடுகின்றார். புகையுள்ள இடத்தில் தீயுண்டு என்பதை அடுக்களையிலே கண்டு தெளிந்தவன் அன்றோ மலையிலே புகை கண்டு தீயைக் கருத வல்லவன்! செப்புக் கரைசல் பரடேயின் அடுக்களை. நீர் அவருடைய மலை. இவ்வொரு படியைப் பிற்காலப் பாடநூல்கள் விட்டுவிட்டன. செப்பின் மின்பகுப்பு அவற்றில் வேறோர் அத்தியாயத்துக்கு, மின்முலாம் பூசுதலுக்கு உதாரணமாக, நாடு கடத்தப்பட்டுள்ளது.

அடுத்து அவர் செய்வது இன்னும் நுட்பமானது. நீரிலிருந்து எழும் வாயுக்களை அவர் முதலில் தனித்தனியே சேர்க்கவில்லை. இரண்டையும் ஒரே குழாயினூடாகக் கலந்து சேர்க்கின்றார். அக்குழாய் உலைப் பரிசோதனையிற் கண்ட குழாயை நினைவூட்டக் கூடுமென்று தாமே சுட்டியும் காட்டுகின்றார். கேட்போர் இஃதும் ஐதரசனே என்று எண்ணியிருப்பர். தீயிட்டதும் அது மெல்ல எரியவில்லை, பேரொலியோடு வெடிக்கின்றது. வெளிக்காற்றின் துணையின்றியே எரிகின்றது. ஆகவே இதனுள் ஐதரசன் மட்டுமன்று, எரிதற்கு வேண்டிய மற்றொன்றும் உடனிருக்கின்றது. எரிந்தபின் எஞ்சுவதும் நீரே. இந்தத் துணிவுக்குப் பின்னரே இரு வாயுக்களும் இரு குழாய்களிற் பிரித்துச் சேர்க்கப்படுகின்றன. ஒன்று மற்றதின் இருமடங்கு கனவளவு கொள்கின்றது. மிகுந்தது எரிகின்றது, குறைந்தது தணற்குச்சியைச் சுவாலித்தெரியச் செய்கின்றது.

இதனோடு இன்றைய ஆய்வுகூடங்களில் விளங்கும் ஒவ்மன் வோற்றாமானியை ஒப்பிடுக. ஒவ்மன் 1866ஆம் ஆண்டளவில் அமைத்த அக்கருவி அழகியது, அளவுகோடுகள் பொறித்தது, இரு கைகளிலும் வாயுக்கள் பிரிந்தே நிற்கும். வகுப்பு முழுவதும் ஒரே பார்வையில் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கண்டு கொள்ளலாம். ஆனால் அக்கருவி வினாவை எழுப்புமுன் விடையைத் தந்து விடுகின்றது. நீரிலிருந்து ஒன்றா இரண்டா வந்தன என்ற மயக்கமே மாணவனுக்கு நேர்வதில்லை. மயக்கம் நேராத இடத்தில் தெளிவும் நேராது. கருவி செம்மையாகச் செம்மையாகக் கற்பித்தல் வறியதாயிற்றென்பது விந்தையே. ஒவ்மனைக் குறை கூறுதற்கில்லை. அவர் அளத்தற்குச் செய்த கருவியைக் காட்டுதற்கும் போதுமென்று கொண்டவர் பிறர். (கலந்த வாயுவை வெடிக்கச் செய்தலில் இடருண்டு என்பது மெய். ஐதரசன் காற்றில் 4 முதல் 75 வீதம்வரை கலந்துள்ள எந்த அளவிலும் தீப்பற்ற வல்லது. ஒட்சிசனோடு கலந்ததோ இன்னுங் கொடியது. சவர்க்கார நீரில் அக்கலவையைச் சிறு குமிழிகளாகச் செலுத்தி, வழங்கு குழாயை அகற்றிய பின்னர், நீண்ட கோலின் நுனியிற் பற்றிய தீயால் அக்குமிழிகளைத் தொடுதல் ஆசிரியருக்குத் தெரிந்த பாதுகாவலான வழி. அது மாணவர் தாமாகச் செய்தற்குரியதன்று.)

பரடேயிடம் காணப்படும் இன்னொரு சிறப்பு பெரும்பாலும் கவனிக்கப்படாதது. மூன்றாம் விரிவுரையின் முடிவில் மின்கலவடுக்கின் கம்பி முனைகளைத் தொடுத்து ஒளிப்பொறி எழச் செய்த போது, அவ்வொளியை நாற்பது நாகங்களின் எரிவு வலியென்றே குழந்தைகளுக்கு அறிமுகஞ் செய்தார். அதாவது, கம்பியிலே ஓடி வருவது எங்கிருந்தோ இலவசமாக வந்த மாயசக்தியன்று. பின்னால் எங்கோ நாகம் அமிலத்தில் எரிந்தழிகின்றது. அவ்வழிவின் விலையே இங்கு நீரைப் பிளக்கின்றது. இன்றைய பாடநூற் படத்தில் மின்கலவடுக்கு நெடிதும் குறிதுமான இரண்டு கோடுகளாகச் சுருங்கி விட்டது. சுவரிலுள்ள மின்வழியைப் பயன்படுத்தும் வகுப்பில் அக்கோடுகளும் இல்லை. கடன் கொடுத்தவன் முகம் மறைந்து விட்டது.

இதன் பயன் சிறியதன்று. நீரை ஊற்றினால் ஓடும் வண்டி, நீரிலிருந்து எரிபொருள் என்னும் பேச்சுக்கள் தலைமுறைக்கொரு முறை எழுகின்றன. யூல் வேர்ண் என்னும் பிரெஞ்சு நாவலாசிரியர் 1874இல் வெளிவரத் தொடங்கிய 'மர்மத் தீவு' என்ற கதையிலே, நீரே வருங்காலத்து நிலக்கரியாகுமென்று ஒரு பாத்திரத்தின் வாயிலாகக் கூறினார். கற்பனை என்ற அளவில் அது குற்றமன்று. ஆனால் 1996ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து நீதிமன்றமொன்று, நீரால் வண்டி ஓட்டுவதாகக் கூறிப் பிறரிடம் முதல் பெற்ற ஒருவரின் செயல் மோசடியெனத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அவரிடம் பணங் கொடுத்தோர் பள்ளிக்கூடத்தில் மின்பகுப்பைப் படியாதவராய் இருந்திருப்பர் எனல் கடினம். படித்தும் கணக்குப் பார்க்கப் படியாதவர் என்பதே பொருந்தும். கணக்கு எளிது. ஒரு கிலோகிராம் ஐதரசன் எரிந்து நீராகும் பொழுது வெளிவருவது, அந்நீர் திரவமாக ஒடுங்கும் வரையுள்ள வெப்பத்தையுஞ் சேர்த்து, ஏறக்குறைய 39 கிலோவாற்று மணி. அதே ஐதரசனை நீரிலிருந்து மீட்டற்குக் குறைந்தது அவ்வளவு சத்தியே வேண்டும். நடைமுறையில் 50 கிலோவாற்று மணியளவு செலவாகின்றது. வாங்கியதிலும் மிகுதியாகத் திருப்பிக் கொடுக்கும் வட்டிக்கடை எவ்வூரிலும் இல்லை. காற்றாலும் கதிரவனாலும் பிறந்த மின்னைச் சேமித்தற்கு ஐதரசனைப் பயன்படுத்தும் முயற்சிகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. அவை இக்கணக்கை மறுப்பனவல்ல. இழப்பை அறிந்தே ஏற்பன.

ஒரு சிறு பரிசோதனையே இக்கணக்கை வகுப்பறைக்குக் கொணரும். 1.5 உவோற்று உலர்கலம் ஒன்றைப் பிளாற்றின மின்வாய்களோடு தொடுத்தால் தொடர்ந்து குமிழி எழக் காண்டல் அரிது. கலம் பழுதென்று மாணவர் எண்ணுவர். இரண்டு கலங்களைத் தொடராக வைத்ததும் குமிழிகள் எழும். நீரைப் பிரித்தற்குக் குறைந்த அளவாக 1.23 உவோற்றும், நடைமுறையில் அதன்மேல் மேலதிக அழுத்தமும் வேண்டும். கொடுக்க வேண்டிய விலையிற் குறைந்ததை நீர் ஏற்பதில்லை.

நிற்க. இனிப் பரடேயிடமும் பாடநூல்களிடமும் ஒருங்கே காணப்படும் ஓர் இடைவெளியைச் சொல்ல வேண்டும். இரண்டு கனவளவு ஐதரசனும் ஒரு கனவளவு ஒட்சிசனும் கிடைத்தன. ஆகவே நீரின் மூலக்கூற்றில் இரண்டு ஐதரசன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் உள்ளன என்று பாடநூல் ஒரே மூச்சில் எழுதுகின்றது. இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? கேலூசாக்கும் அம்போல்ற்றும் 1805ஆம் ஆண்டிலேயே இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைத் திட்டமாகக் கண்டனர். அதன் பின்னரும் தாற்றன் நீரை ஓர் ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்ததென்றே கொண்டார். அவர் வழிநின்று இரசாயனர் பலர் அரை நூற்றாண்டு அவ்வாறே எழுதினர். பரடே தம் விரிவுரையிற் காட்டிய கணக்கும் நிறையின்படி ஐதரசன் ஒன்று, ஒட்சிசன் எட்டு, நீர் ஒன்பது என்பதே. அவர்கள் கண்ணற்றவரல்லர். ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு கொண்ட வாயுக்களில் மூலக்கூறுகளும் சம எண்ணிக்கையினவே என்னும் அவகாதரோவின் கருதுகோள் 1811இல் வெளிவந்தும், அதனை ஏற்காதவரை, கனவளவு விகிதம் அணு விகிதமாகாது. 1860ஆம் ஆண்டு செத்தெம்பரில், மெழுகுவர்த்தி விரிவுரைகளுக்குச் சில மாதங்களே முன்னர், செருமனியின் காள்சுறூ நகரிற் கூடிய இரசாயனர் மாநாட்டில் கனிசாரோ அக்கருதுகோளை மீண்டும் வலியுறுத்திய பின்னரே பெரும்பான்மையோர் தெளிவடைந்தனர். ஆகவே பரடே அவ்விடத்தில் மௌனமாய் இருந்தமை அவருக்குக் குறையாகாது. பாடநூலுக்கோ அது குறையே. பேரறிஞர்க்கு ஐம்பது ஆண்டு பிடித்த ஒரு துணிவை மாணவன் ஓர் 'ஆகவே'யிலே தாண்டிவிட வேண்டுமென அது எதிர்பார்க்கின்றது. தாண்ட முடியாதவன் தன்னை மந்தனென்று எண்ணிக் கொள்கின்றான். அவன் மந்தனல்லன், ஏது காட்டப்படாத இடத்தில் அவன் உள்ளம் சரியாகவே நின்று விட்டது.

பரடேயைக் குறை கூற வேண்டிய இடம் பிறிதொன்று. மின்பகுப்புக்கென எடுத்த நீரிற் சிறிது அமிலம் சேர்த்திருப்பதை அவர் மறைக்கவில்லை. அது தாக்கத்தை எளிதாக்குதற்கு மட்டுமே இடப்பட்டது, தான் எவ்வித மாற்றமும் அடைவதில்லை என்று போகிற போக்கிற் சொல்லிச் செல்கின்றார். ஒவ்வொரு படியையும் கண்முன் நிறுவி வந்தவர், இவ்விடத்தில் மட்டும் காட்சியையும் கருதலையும் விட்டு உரையால் முடித்து விடுகின்றார். அவ்வுரையும் முற்றிலும் சரியானதன்று.

அமிலத்தின் வினா மின்பகுப்பின் பிறப்போடு உடன்பிறந்தது. வோற்றா தம் மின்னடுக்கைப் பற்றி 1800ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலண்டனுக்கு எழுதினார். அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்திலேயே நிக்கல்சனும் காலைலும் அதனைக் கொண்டு நீரைப் பிரித்து விட்டனர். முதலிற் பித்தளைக் கம்பிகளை இட்டனர். ஒரு கம்பியில் ஐதரசன் எழுந்தது. மற்றது கறுத்து ஒட்சியேறிற்று. பிளாற்றினம் இட்ட பின்னரே இரு முனைகளிலும் வாயு எழுந்தது. அவர்களை வியப்பிலாழ்த்தியது வாயுவன்று, தூரம். நீரின் ஒரு கூறு இங்கும், மறுகூறு ஏறக்குறைய இரண்டு அங்குலத்துக்கு அப்பாலும் வெளிப்படுவதெங்ஙனம்? இதனோடு ஒரு முனையைச் சுற்றி அமிலமும் மறுமுனையைச் சுற்றிக் காரமும் தோன்றக் கண்டோர் மின்னே அவற்றை நீரிலிருந்து படைக்கின்றதென்றும் கருதினர். பரடேயின் ஆசிரியராகிய தேவி, பொன் பாத்திரங்களையும் மிகத் தூய நீரையும் கொண்டு செய்த சோதனைகளால், அவை கண்ணாடியிலிருந்தும் மாசுகளிலிருந்தும் வந்தனவென்று 1806இல் நிறுவினார். மின்வாய், அனோட்டு, கதோட்டு, அயன் என்னும் கருத்துக்களுக்கு 1834இல் கியூவெல்லின் துணையோடு பெயரிட்டவர் பரடேயே. பின்னர், 1839இல், தானியேல் என்பார் உப்பும் அமிலமுமே மின்னைச் சுமந்து செல்லும் அயன்களாகப் பிரிகின்றன எனக் காட்டும் ஆராய்ச்சியை வெளியிட்டார். அது பரடேக்கு எழுதிய கடிதமாகவே அமைந்தது. ஆகவே அமிலம் வெறும் பார்வையாளனன்று என்னும் கொள்கை மெழுகுவர்த்தி விரிவுரைகளுக்கு இருபத்தோராண்டு முன்னரே அவர் மேசைக்கு வந்திருந்தது.

சிறுவர் முன் எல்லாவற்றையுஞ் சொல்ல இயலாதென்று வாதிக்கலாம். சொல்லாது விடுதல் ஆசிரியரின் உரிமை, அதை மறுப்பாரில்லை. சொல்லாது விடுதல் வேறு, 'மாற்றமேயில்லை' என்று கதவடைத்தல் வேறு. முன்னையது பின்னொருநாள் திறக்கக் கூடிய கதவு. பின்னையது திறக்க முயல்பவனைத் தவறு செய்தவனாக்கும். பரடேயின் அவ்வொரு வாக்கியமே பாடநூல்களிற் பல வடிவங்களில் வழிவழியாக வந்துள்ளது. அவருடைய செப்புக் கரைசலும், கலந்த வாயுவின் வெடியும், நாற்பது நாகங்களும் மறக்கப்பட்டன. தளர்ந்த வாக்கியம் ஒன்று மட்டும் தப்பிப் பிழைத்தது.

இன்று அறிந்த அளவில், தூய நீரில் 25 பாகை வெப்பநிலையில் ஏறக்குறைய ஐம்பத்தைந்து கோடி மூலக்கூறுகளுள் ஒன்றே அயனாகப் பிரிந்திருக்கின்றது. ஆதலின் அது மின்னை மிக அரிதாகவே கடத்தும். சல்பூரிக்கமிலம் இட்டதும் ஐதரசன் அயன்களும் சல்பேற்று அயன்களும் பெருகிக் கடத்துகின்றன. கதோட்டில் ஐதரசன் அயன்கள் இலத்திரனைப் பெற்று வாயுவாகின்றன. அனோட்டில் நீர் ஒட்சிசனை விட்டு மீண்டும் ஐதரசன் அயன்களைத் தருகின்றது. மொத்தத்தில் அமிலம் குறைவதில்லை, நீரே குறைகின்றது என்பது மெய். ஆனால் அனோட்டைச் சூழ அமிலம் செறிகின்றது. கதோட்டைச் சூழ ஐதாகின்றது. இதற்கு 'மாற்றமின்மை' என்று பெயரிடுதல், குத்தகைக்காரர் மாறினும் வயல் அதே வயல்தானே என்பது போலும்.

பாடசாலைகளில் நேரும் இடர்ப்பாடுகளிற் பல இவ்விளக்கம் இன்மையாலேயே எழுகின்றன. அமிலம் 'கடத்தச் செய்வதற்கு மட்டும்' ஆயின் கறியுப்பு ஆகாதா என்று மாணவன் கேட்பது நியாயமே. கறியுப்பை இட்டால் அனோட்டில் எழுவது குளோரீன், அது நஞ்சு. பழைய உலர்கலத்திலிருந்து எடுத்த காபன் கோல்களை அனோட்டாக இடின், பிறக்கும் ஒட்சிசனின் ஒரு பகுதி காபனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகிக் கரைகின்றது, விகிதம் கெடுகின்றது. செப்புக் கம்பியாயின் ஒட்சிசன் எழாமலே கம்பி கரைந்து கரைசல் நீலமாகின்றது. பிளாற்றினமே ஆயினும் விகிதம் தொடக்கத்திற் சரியாக அமைவதில்லை. ஒரே சூழலில் ஒட்சிசன் ஐதரசனிலும் மிகுதியாக நீரிற் கரையும். அனோட்டில் சிறிது ஓசோனும் பேரொட்சைட்டுச் சேர்வைகளும் உண்டாகலாம். கருவியைச் சிலநேரம் இயங்கவிட்டுக் கரைசல் நிரம்பிய பின்னரே அளத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் 'பரிசோதனை வழு' என்ற ஒரு சொல்லில் அடக்கி, கண்ட அளவை விட்டு நூலிலுள்ள அளவை எழுதுமாறு ஏவும் வழக்கம் மாணவனுக்குப் பொய் எழுதப் பழக்குவதாகும். இரசாயன பாடத்தில் நேரக்கூடிய கேடுகளுள் இதனிற் பெரியது வேறில்லை.

அமிலத்தின் கதையைக் காட்சியாக்குதல் அரிதன்று. நீரில் சோடியஞ் சல்பேற்றைக் கரைத்துப் பாசிச்சாயத்தை இட்டு மின்னைச் செலுத்தினால், அனோட்டுப் பக்கம் சிவப்பாகவும் கதோட்டுப் பக்கம் நீலமாகவும் மாறும். பாசிச்சாயம் கிடையாத இடத்தில் செவ்வரத்தம்பூவின் சாறு போதும். அமிலத்திற் சிவந்தும் காரத்திற் பச்சையாகியும் அது காட்டிக் கொடுக்கும். மின்னை நிறுத்தி இரண்டு பகுதியையும் ஒன்றாகக் கலக்கினால் பழைய நிறம் மீளும். உப்பு அழியவில்லை, ஆயின் சும்மா இருக்கவுமில்லை. தேவியின் காலத்து மயக்கமும் அதன் தெளிவும் அரை மணிப்பொழுதில் ஒரு முகவைக்குள் அடங்கி விடுகின்றன.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்ற தமிழ் இரசாயன நூல் 1875ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பரடேயின் நூல் வெளிவந்து பதினான்கு ஆண்டே கழிந்த காலம் அது. அன்று தொட்டுத் தமிழில் இவ்வாயுவுக்கு 'நீரகம்' முதலிய பெயர்கள் ஆளப்பட்டுள்ளன; இலங்கைப் பாடசாலைகளில் 'ஐதரசன்' நிலைத்தது. எது சிறந்ததென்ற வழக்கு ஈண்டு வேண்டா. 'நீரகம்' என்ற சொல் பொருளை முன்னரே சொல்லி விடுகின்றது, 'ஐதரசன்' சொல்வதில்லை. சொல் தாராத பொருளைப் பரிசோதனை தந்தே தீரவேண்டும்.

மேல்வகுப்பு மாணவர் அளவாலும் அமிலத்தைப் பின்தொடரலாம். ஒரு அம்பியர் மின்னோட்டம் ஒரு மணிநேரம் பாயின், நியம வெப்ப அமுக்கத்தில் 418 கன சதமமீற்றர் ஐதரசனும் அதன் பாதி ஒட்சிசனும் கிடைக்கும். அவ்வளவுக்கும் அழிந்த நீர் ஒரு கிராமின் மூன்றிலொரு பங்கே. தொடங்குமுன் ஐதான சல்பூரிக்கமிலத்தின் செறிவை நியமிப்பால் அறிந்து கொள்க. முடிந்தபின் இரு மின்வாய்களையும் அடுத்த பகுதிகளிலிருந்து தனித்தனியே மாதிரி எடுத்து மீண்டும் நியமிப்புச் செய்க. அனோட்டுப் பக்கத்து அமிலம் முன்னையதிலும் கூடியிருக்கும், கதோட்டுப் பக்கத்தது குறைந்திருக்கும். கூடியதும் குறைந்ததும் ஏறக்குறைய ஈடாகும். அயன்கள் இருபுறமும் ஒரே வேகத்திற் செல்வதில்லை என்பதை இத்தகைய அளவுகளைக் கொண்டே இற்றோவ் என்னும் செருமானிய அறிஞர் 1853ஆம் ஆண்டிலிருந்து நிறுவி வந்தார். றோயல் நிறுவனத்தின் மேசையில் பரடே அந்தச் சிறிதளவு அமிலத்தை ஊற்றிய நாளில் அவ்வாராய்ச்சிக்கு வயது ஏழு.